ஞாயிறு பத்து மணி வரை படுத்தும் தீராத களைப்பு

கேள்வி: எனக்கு வயது 39. நிறை 62 கிலோ. வெள்ளவத்தையில் தொடர்மாடியில் நாலாம் மாடி வீடு. கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. 2022இல் கணவரின் வியாபாரம் படுத்ததிலிருந்து லண்டன் கம்பனி ஒன்றுக்கும் இரவில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். காலை 4.30க்கு எழும்பிச் சமையல், பிள்ளைகள் இருவரையும் அனுப்பிவிட்டு 7.15க்கு பஸ், வீடு திரும்ப மாலை 6.30. பிறகு 8.30இலிருந்து 11.30 வரை லப்டொப். படுத்தாலும் ஒரு மணித்தியாலம் தலைக்குள் கணக்கு ஓடும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை படுத்தாலும் களைப்பு போவதில்லை. மாடி ஏறினால் களைக்கிறது, தலைமுடி கொட்டுகிறது, மாதவிடாய் 7 நாள் நன்றாகப் போகிறது. ஒரு நாளைக்கு ஆறு டீ. செக் பண்ணினேன்: சீனி, கொலஸ்ட்ரோல் நோர்மல், ஹீமோகுளோபின் 11.4. ‘கொஞ்சம்தான் குறைவு, விட்டமின் குடியுங்கோ’ என்றார்கள். ஆறு மாதமாக மல்டிவிட்டமின், முடிக்குப் பயோட்டின், நித்திரைக்குத் தடிமல் குளிசை. யூடியூபில் பார்த்தால் ‘அட்ரீனல் களைப்பு’ என்கிறார்கள். சின்ன விசயத்துக்கும் பிள்ளைகள் மீது சீறி விழுகிறேன். சில காலைகளில் ஏன் எழும்புகிறேன் என்றே தெரியவில்லை. என் வாழ்க்கை முறையில் எதை மாற்ற வேண்டும்?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம். நள்ளிரவு 12.30க்கு நித்திரை, 4.30க்கு எழும்புதல். இரவொன்றுக்கு நாலு மணித்தியாலம். சனிக்கிழமை பிள்ளைகளின் டியூஷனுக்காகவும் அதே நேரம் எழும்புகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஆறு இரவில் 24 மணித்தியாலம். வளர்ந்த ஒருவருக்குக் குறைந்தது ஏழு வேண்டும், அதாவது 42. வாரத்துக்கு 18 மணித்தியாலம் பற்று. ஞாயிறு பத்து மணி வரை படுத்துத் திரும்பக் கிடைப்பது இரண்டரை. மிச்சம் பதினைந்தரை அடுத்த வாரக் கணக்கில் ஏறுகிறது.

“எனக்கு இது பழகிவிட்டது” என்று நீங்கள் சொல்லக்கூடும். 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமானவர்களை 14 நாள் தொடர்ந்து ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ படுக்க விட்டார்கள். அவர்களது கவனமும் வேகமும் இரண்டு இரவுகள் வரை கண் மூடாதவரின் நிலைக்கு இறங்கின. சரிவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது, அவர்களோ தாங்கள் இவ்வளவு மந்தமாகிவிட்டதை உணரவில்லை. பழகிப்போவது உணர்வு மட்டும்தான்.

ஆனால் நித்திரையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால் பாதிக் களைப்பு அப்படியே நிற்கும். உங்கள் கடிதத்தில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. ஒன்று இரவில், மற்றது இரத்தத்தில். இரத்தத்தை முதலில் அடைக்க வேண்டும். இரும்புச்சத்து இல்லாத உடம்பை நடக்கச் சொன்னால் அது இன்னும் களைக்கும். பிறகு “நடைப்பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை” என்று கைவிட்டுவிடுவீர்கள்.

ஹீமோகுளோபின் 11.4 என்பது “கொஞ்சம்தான் குறைவு” அல்ல. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை. அதைவிட முக்கியம், ஹீமோகுளோபின் குறைவது கடைசியாகத்தான். உடம்பின் இரும்புக் கையிருப்பு அதற்கு முன்பே காலியாகிவிடும். அந்தக் கையிருப்பைக் காட்டும் பரிசோதனையின் பெயர் ஃபெரிட்டின். உங்கள் அறிக்கையில் அது இல்லை. வழமையான செக்-அப் பொதிகளில் பெரும்பாலும் இருப்பதுமில்லை, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். 15க்குக் கீழே என்றால் இரும்புக் குறைபாடு நிச்சயம். 30க்குக் கீழே இருந்து களைப்பும் முடி கொட்டுதலும் இருந்தால் பெரும்பாலான வைத்தியர்கள் சிகிச்சை தொடங்குவார்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், ஆகவே தடிமல் காய்ச்சலோடு போய் எடுக்க வேண்டாம்.

கூடவே முழுக் குருதி எண்ணிக்கை அறிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்து ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் இரும்புக் குளிசை குடிக்கக் கூடாது. நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவை வெளியே தெரியாமல் சுமப்பவர்கள் குறைவில்லை, அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. “இரத்தம் குறைவு” என்றதும் பாமசியில் இரும்பை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இதனால்தான் பிழை.

அடுத்தது தைரொயிட், அதாவது டி.எஸ்.எச். பரிசோதனை. தைரொயிட் மந்தமானால் அந்த அளவு ஏறும். இதில் உங்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. முடிக்கென்று நீங்கள் குடிக்கும் பயோட்டின், சில ஆய்வுகூட முறைகளில் டி.எஸ்.எச். அளவைப் பிழையாகக் குறைத்துக் காட்டும். உண்மையில் மந்தமாக இருக்கும் தைரொயிட் தாளில் நோர்மலாகத் தெரியலாம். இரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள், ஆய்வுகூடத்திலும் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் பிறகும் தொடங்கத் தேவையில்லை. பயோட்டின் குறைபாடு மிக அரிது. உங்கள் முடி கொட்டுவதற்கு இரும்பும் நித்திரையும் போதுமான காரணங்கள்.

வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, வாரம் முழுக்கவே மரக்கறி என்றால் விட்டமின் பி12ஐயும் சேருங்கள். குரட்டை இருந்து, காலையில் வாய் உலர்ந்து தலையிடியோடு எழும்பினால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நித்திரையில் மூச்சு தடைப்படுவது பெண்களில் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. தனியார் ஆய்வுகூடத்துக்குச் செலவழிக்க முடியாவிட்டால் அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் எழுதித் தந்தால் அடிப்படைப் பரிசோதனைகளை இலவசமாகவே செய்யலாம். வரிசைதான் நீளம், ஒரு லீவு போகும்.

இரும்பு குறைவு என்று உறுதியானால், குளிசை குடிக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அடுப்படி மேசையில் குளிசை, பக்கத்தில் ஆவி பறக்கும் பால் டீ. ஒரு மிடறு டீயோடு குளிசை உள்ளே போகிறது. தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, பாலின் கல்சியம் தன் பங்குக்கு மறிக்கிறது. நீங்கள் விழுங்கிய இரும்பில் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். மலம் கறுப்பாகப் போவதுதான் மிச்சம்.

சரியான முறை இது: வெறும் வயிற்றில், அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணியோடு ஒரு குளிசை. டீ குறைந்தது ஒரு மணித்தியாலம் கழித்து. கல்சியம் குளிசை இருந்தால் அது இரவுக்கு. வழமையான 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேட் குளிசையில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு உண்டு, ஒரு நாளைக்கு ஒன்றே போதும். வயிறு எரிந்தால், மலம் இறுகினால் ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இரும்பை எடுத்ததும் குடல் அடுத்த ஒருநாள் தன் கதவைக் கொஞ்சம் சாத்திக்கொள்கிறது, ஆகவே இடைவெளி விட்டால் ஒவ்வொரு குளிசையிலும் உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது. ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 ஏற வேண்டும். ஏறாவிட்டால் குளிசை உள்ளே போகவில்லை, அல்லது இரத்தம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. 12ஐத் தாண்டியதும் “சரியாப் போச்சு” என்று நிறுத்துவது அடுத்த பிழை. கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் குடிக்க வேண்டும்.

வெளியே போகும் வழி உங்கள் விடயத்தில் மாதவிடாயாக இருக்கலாம். ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பேட் நனைகிறதா? பெரிய கட்டிகளாகப் போகிறதா? இரவில் மாற்றுவதற்கென்றே எழும்புகிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மகப்பேற்று, பெண்நோயியல் கிளினிக்கில் காட்டி ஸ்கான் ஒன்று எடுங்கள். நாற்பதை நெருங்கும் வயதில் கருப்பைக் கட்டி சாதாரணம், குறைக்க வழிகளும் உண்டு. இதைச் “பெண்களுக்கு உள்ளதுதானே” என்று தாங்கிக்கொண்டிருப்பதுதான் நம் வீடுகளில் பரம்பரையாக வரும் வைத்தியம்.

அட்ரீனல் களைப்பு பற்றிச் சுருக்கமாக. அந்தப் பெயர் 1998இல் அமெரிக்காவில் உருவானது. ஹோர்மோன் வைத்திய நிபுணர்களின் சங்கங்கள் அதை ஒரு நோயாக ஏற்கவில்லை. தொடர் அழுத்தத்தால் அட்ரீனல் சுரப்பி “தேய்ந்து” போவதில்லை. சுரப்பி உண்மையிலேயே செயலிழக்கும் நோய் வேறு, 1855இல் தோமஸ் அடிசன் விவரித்தது. அதில் நிறை இறங்கும், தோலும் முரசும் கறுக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், உப்புக்கு ஆசை வரும். உங்களிடம் அவை இல்லை. அட்ரீனல் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை உமிழ்நீரில் அளக்கும் பரிசோதனைப் பொதிக்குக் காசு வைத்திருந்தால் அதை ஃபெரிட்டினுக்குக் கொடுங்கள். அதில் மிச்சமும் வரும்.

கோர்ட்டிசோல் பற்றி அறிய வேண்டியது அதன் நேர அட்டவணைதான். நாம் எழும்பி அரை, முக்கால் மணித்தியாலத்தில் அது உச்சத்துக்கு ஏறும், பிறகு பகல் முழுக்க இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகும். அது இறங்க வேண்டிய நேரத்தில் நீங்கள் பளிச்சென்ற திரையின் முன்னால் லண்டன்காரரின் வங்கிக் கணக்கை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். லப்டொப்பை மூடியதும் மூளை மூடிவிடுவதில்லை. படுத்த பிறகு ஓடும் அந்த ஒரு மணித்தியாலக் கணக்கு மனவியாதி அல்ல, வேகமாக ஓடிய பஸ் பிறேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம்.

இங்கே ஒரு கசப்பான விசயத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் நாளில் எதையாவது எடுக்காமல் நல்ல பழக்கம் எதையும் வைக்க இடமில்லை. யோகா, தியானம், பசுமைச் சாறு என்று இன்னும் மூன்றைச் சேர்த்தால் எழும்பும் நேரம் 4.30இலிருந்து 4.00 ஆகும், அவ்வளவுதான். ஆகவே கேள்வி “எதைச் சேர்ப்பது” அல்ல, “எதை விடுவது”. இரண்டு இடத்தில் வெட்டலாம்.

முதலாவது இரவு வேலை. லண்டனில் காலை ஒன்பது மணி நமக்குப் பிற்பகல் 2.30, அவர்களது கோடைக்காலத்தில் 1.30. கணக்குப் பதிவு நேருக்கு நேர் இருந்து செய்யும் வேலையல்ல, அவர்கள் காலையில் வந்து பார்க்கும்போது முடிந்திருந்தால் சரி. அப்படியானால் அது ஏன் இரவு 11.30 வரை நீள வேண்டும்? வாரத்தில் மூன்று இரவு, 7.45இலிருந்து 9.30 வரை. சனி பிற்பகல் மூன்றரை மணித்தியாலம். மொத்தம் எட்டே முக்கால். ஐந்து இரவு என்றால் இப்போது பதினைந்து. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் குறைகிறது, வருமானமும் குறையலாம். முழுவதும் குறையுமா என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் பதினொரு மணிக்கு ஒரே பதிவை மூன்று தரம் திருப்பிப் பார்ப்பவருக்குப் பிற்பகலில் ஒருதரம் போதும். எட்டு வாரத்துக்கு மட்டும் என்று கேட்டுப் பாருங்கள். உடல்நலக் காரணம் என்று ஒரு வரி எழுதினால் போதும், விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது காலை 4.30. மத்தியானச் சாப்பாடு கட்ட வேண்டியிருப்பதால்தான் அந்த நேரம் என்று ஊகிக்கிறேன். பருப்பையும் மீன் குழம்பையும் முதல்நாள் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துக் கூடுதலாக வைத்துவிடலாம். கொழும்பு வெக்கைக்குச் சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், காலையில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்க வேண்டும். வறையோ சம்பலோ மட்டும் காலையில். சோற்றை மாத்திரம் இரவில் வடித்து மேசையில் விட வேண்டாம். அதில் வளரும் ஒருவகை பக்டீரியாவின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அரிசியைக் காலையில் ரைஸ் குக்கரில் போட வேண்டும். அந்தச் சுவிட்சை அழுத்தப் பெண் விரல்தான் வேண்டும் என்று எந்தக் கம்பனியும் எழுதி ஒட்டியதில்லை. கணவரிடம் அதையும் பிள்ளைகளின் தண்ணிப் போத்தல்களையும் முழுமையாக ஒப்படையுங்கள். “உதவி செய்யுங்கோ” என்று கேட்டால் நினைவுபடுத்துவது உங்கள் வேலையாகவே இருக்கும். பொறுப்பாகக் கொடுத்தால்தான் தலைக்குள் ஓடும் பட்டியலில் ஒரு வரி அழியும். வாரத்தில் இரண்டு நாள் கடை இடியப்பம் வாங்கினால் எந்தச் சாமியும் கோபிக்காது.

இப்படிச் செய்தால் எழும்பும் நேரத்தை 5.15க்குத் தள்ளலாம். அதை ஆறு நாளும் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அதிகபட்சம் 6.15. இதுதான் எல்லாரும் எதிர்க்கும் இடம். ஞாயிறு பத்து மணி வரை படுத்தால் உடம்பின் மணிக்கூடு பின்னோக்கித் தள்ளப்படுகிறது, அன்று இரவு நித்திரை வராது, திங்கள் காலை வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவர் போல் இருக்கும். கடனை அடைக்க ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு முன் இருபது, முப்பது நிமிடம் படுங்கள், மணிக்கூட்டில் அலாரம் வைத்துவிட்டு. படுக்கும் நேரத்தை நாலு நாளைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் வரை முன்னே இழுங்கள்: 11.00, 10.30, பிறகு 10.15. ஒரேயடியாக 10.15க்குப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள், படுக்கைக்கும் பதற்றத்துக்கும் முடிச்சு இன்னும் இறுகும்.

கடைசி முக்கால் மணித்தியாலத்தில் வேலை இல்லை. லப்டொப்பை மூடியதும் ஒரு கொப்பியில் நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதுங்கள். “சம்பளப் பட்டியல்” என்று பொதுவாக எழுதினால் பலன் குறைவு. “மூன்று பேரின் ஓவர்டைம் இன்னும் வரவில்லை, 9 மணிக்குக் கேட்க வேண்டும்” என்ற அளவுக்குத் துல்லியமாக எழுதினால்தான் தலை அதைக் கீழே இறக்கி வைக்கும். படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன் இளஞ்சூட்டுத் தண்ணியில் பத்து நிமிடம் குளியுங்கள். தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளுடம்பின் சூடு வெளியேறும், அந்த இறக்கம்தான் நித்திரைக்கு அழைப்பு. பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் சுவர் இரவில் சூட்டைக் கக்கும் மாடி வீட்டில், ஃபேன் காற்று நேரே உடம்பில் பட விடுவது ஆடம்பரம் அல்ல. ஃபோன் ஹோலில் உறங்கட்டும். இருபது நிமிடம் நித்திரை வராவிட்டால் எழும்பி மங்கிய வெளிச்சத்தில் கதிரையில் இருங்கள், கண் சொருகும்போது திரும்பப் போங்கள். நேரம் பார்க்க வேண்டாம்.

தடிமல் குளிசையை நிறுத்துங்கள். அது நித்திரைக் குளிசை அல்ல, தூக்கக் கலக்கம் தரும் ஒவ்வாமை மருந்து. அதில் வழமையாக இருக்கும் குளோர்பெனிரமின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இருபது மணித்தியாலம் எடுக்கும். நள்ளிரவில் குடித்ததில் அரைவாசி அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கும் உங்கள் இரத்தத்தில். அதன் மேல் இன்னொன்றைப் போடுகிறீர்கள். பகல் மந்தத்தில் ஒரு பங்கு அதனுடையது.

அந்த மந்தத்தைத் தள்ளத்தான் ஆறு டீ. ஒரு கோப்பைக்கு 40, 50 மில்லிகிராம் கஃபீன் என்றால் மொத்தம் 300ஐத் தாண்டாது, ஒரு நாளைக்கு 400 வரை பொதுவாகப் பாதுகாப்பு. ஆக எண்ணிக்கை பெரிய குற்றமில்லை, நேரம்தான் குற்றவாளி. கஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும், கர்ப்பத்தடைக் குளிசை குடிப்பவர்களுக்கு அதன் இரட்டிப்பு. இரவு 8.30 டீயின் பாதி ஒன்றரை மணிக்கும் வேலை செய்கிறது. கடைசி டீ பகல் இரண்டு மணிக்கு என்று எல்லை போடுங்கள். ஒரே நாளில் வெட்டினால் அடுத்த நாள் தலையிடி மண்டையைப் பிளக்கும், சிலருக்கு ஒரு வாரம் நீளும். மூன்று நாளைக்கு ஒரு கோப்பையாக, இரவுக் கோப்பையிலிருந்து தொடங்கிக் குறையுங்கள். இரண்டு கரண்டி சீனி வீதம் ஆறு கோப்பை என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி, ஐம்பது கிராம். உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு நாள் முழுவதற்கும் வைத்த உச்ச எல்லையே ஏறக்குறைய அதுதான்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி தேவையில்லை. 62 கிலோ உடம்புக்குப் புரதம் நாளொன்றுக்கு 50 கிராம் வேண்டும். காலையில் ஒரு மாலு பண்ணும் டீயும் என்றால் பத்தரைக்கே கை நடுங்கும். அவித்த முட்டை இரண்டு, அல்லது முதல்நாள் அவித்த கௌபி ஒரு கோப்பை, இரண்டிலும் 12, 13 கிராம் வரும். மத்தியானச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்துக்கு மீனோ பருப்போ. மூன்று மணிக் கண்சொக்கல் பாதி சோற்றால், பாதி உடம்பின் இயல்பான இறக்கத்தால் வருவது, அதற்கு டீ மருந்தல்ல. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டுமல்ல, கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பும் விட்டமின் சியும் கைகொடுக்கின்றன. ஆனால் 11.4ஐக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது.

காலை வெளிச்சம் காசில்லாத மருந்து. கொழும்பில் சூரியன் வருடம் முழுக்க 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான் எழும்புகிறது, இந்த வசதி ஐரோப்பாக்காரருக்கு இல்லை. அலுவலக ட்யூப்லைட்டின் வெளிச்சம் 300, 500 லக்ஸ். மேகம் மூடிய காலையிலும் வெளியே அதைவிடப் பல மடங்கு. முதல் இரண்டு வாரம் மரைன் டிரைவில் பத்தே நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். காலை முடியாவிட்டால் ஒரு பஸ் தரிப்பு முன்னால் இறங்கி நடங்கள். கதைக்க முடிய வேண்டும், பாட முடியாத வேகம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி முப்பதுக்குக் கொண்டுவந்தால் வாரம் 150 நிமிடம் ஆகிவிடும். ஒரு மாதம் கழித்துக் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பத்துத் தரம், இரண்டு சுற்று, வாரத்தில் இரு நாள். நாலு மாடியையும் லிஃப்ட் இல்லாமல் ஏறும் வீரம் இப்போது வேண்டாம். ஏறும்போது நெஞ்சு இறுகினால், இடது கை அல்லது தாடைக்கு வலி போனால் நடையைப் பற்றி யோசிக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் ஐந்து நிமிடம் மூச்சு: மூக்கால் நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, நிமிடத்துக்கு ஆறு. மூச்சு மெதுவாக இருக்க வேண்டும், பெரிதாக அல்ல. நெஞ்சை நிரப்பி நிரப்பி விட்டால் இரத்தத்தில் காபனீரொக்சைட் குறைந்து விரல் விறைத்துத் தலை சுற்றும், “எனக்குப் பதற்றம் கூடுகிறது” என்று பயந்துவிடுவீர்கள்.

பிள்ளைகளில் சீறுவது நித்திரைக் கடனின் நேரடி விளைவாக இருக்கலாம். ஆனால் “ஏன் எழும்புகிறேன் என்றே தெரியவில்லை” என்ற உங்கள் வரியை நான் தாண்டிப் போக மாட்டேன். இரண்டு வாரமாக அநேக நாட்கள் மனம் சோர்ந்திருக்கிறதா, முன்பு பிடித்தவற்றில் விருப்பம் அற்றுப்போய்விட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. நடையும் டீ குறைப்பும் அதற்குப் பதிலாகா. உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒருதரம் எட்டிப் பார்த்தாலும் அன்றே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

வீட்டில் யாராவது அமுக்கராக் கிழங்குத் தூள் குடிக்கச் சொல்வார்கள். அரிதாக ஈரலைப் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, தைரொயிட் ஹோர்மோனையும் அது கூட்டக்கூடும். டி.எஸ்.எச். முடிவு வரும்வரை தொட வேண்டாம், கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் அறவே வேண்டாம்.

லீவு விசயம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவர் என்றால், முழு வருடம் வேலை செய்தபின் வருடாந்த லீவு 14 நாள், சமயோசித லீவு 7 நாள் உங்களுக்குரியவை. இரண்டையும் பிள்ளைகளின் சோதனைக்காகச் சேமிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு நாளை இரத்தப் பரிசோதனைக்கும் கிளினிக்குக்கும், தொடர்ந்து நாலு நாளைப் படுக்கும் நேரத்தை மாற்றும் முதல் வாரத்துக்கும் கொடுங்கள். இந்த மாற்றங்களை ஒன்றாகத் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் பரிசோதனை, குளிசை, டீயின் எல்லை. மூன்றாம் வாரத்திலிருந்து இரவு வேலையும் எழும்பும் நேரமும். நடை அதன் பிறகு.

நடக்கத் தொடங்கியதும் ஒன்றைக் கவனியுங்கள். நடந்த அன்று களைப்பது இயல்பு, ஒரு நித்திரையில் அது தீரும். அதற்கு மாறாக, நடந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உடம்பு அடித்துப்போட்டதுபோல் விழுந்து, தலை மூடுபனியாகி, அந்த நிலை நாட்கணக்கில் நீடித்தால் நடையைக் கூட்டாதீர்கள், நிறுத்துங்கள். அது வேறு நோயாக, நாட்பட்ட களைப்பு நோய்க்குறியாக இருக்கலாம். அதில் “கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு” என்ற பழைய அறிவுரையை 2021இல் பிரித்தானிய வழிகாட்டிகள் கைவிட்டுவிட்டன, தள்ளித் தள்ளி உழைத்தவர்கள் மோசமானதால். நடந்த நேரத்தையும் விழுந்த நாளையும் எழுதி வைத்துப் பொது வைத்திய நிபுணரிடம் கொண்டு போங்கள். நிறை தானாகக் குறைந்தால், மாலைக் காய்ச்சல் வந்தால், இரவில் உடுப்பு நனைய வியர்த்தால், மலத்தில் இரத்தம் கண்டால் இந்த மாற்றங்களின் பலனுக்காகக் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போங்கள்.

ஒன்றும் இல்லாமல் எல்லாம் ஒழுங்காகப் போனால் நாலாம் வாரம் ஹீமோகுளோபினையும், பன்னிரண்டாம் வாரம் ஃபெரிட்டினையும் திரும்ப எடுங்கள். அன்று காலை டீயைத் தள்ளிவைத்து, பழைய அறிக்கையையும் கையோடு கொண்டு போங்கள்.